நெட் ரேட்டுக்கு வந்த குடைகள்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கிடையாது, கொதிப்பு கிடையாது, குடியும் சீட்டாட்டமும் கிடையாது. இருந்த ஒரே வியாதி விலை பார்ப்பது. அது அவரைத் தொற்றிக்கொண்ட நாள்கூட எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அருள்புரத்தில் பல்லடம் ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. சீப்பு, சோப்பு டப்பா, வாளி, மக், பூட்டு, டார்ச் லைட், டிபன் டப்பா, துணி காயப்போடுகிற கிளிப், நகவெட்டி, முகம் பார்க்கிற கண்ணாடி. தெற்கத்திப் பக்கமிருந்து ஒரு பையோடு வந்து இறங்கி, பனியன் கம்பெனியில் சேர்கிற ஒருவருக்கு முதல் வாரத்தில் என்னவெல்லாம் தேவைப்படுமோ அதெல்லாம் எங்களிடம் கிடைக்கும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக வருவார்கள். மற்ற ஆறு நாளும் ஈ ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர் வேலைகளைப் பார்க்கிற மெர்ச்சண்டைசராக இருந்தவர் ஒருவர் வந்து டார்ச் லைட்டை எடுத்தார். தட்டிப் பார்த்தார், எரியவிட்டுப் பார்த்தார், விலை கேட்டார். என் வீட்டுக்காரர் சொன்னதும், "நெட்ல இதே டார்ச்சு முப்பது ரூபா கம்மியா போட்டிருக்கறானுங்கண்ணா" என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே பதனமாக வைத்துவிட்டுப் போனார். சண்டை போட்டிருந்தால்கூட இவர் தாங்கியிருப்பார். அந்த மனுஷன் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனதுதான் இவரைப் பிடித்து ஆட்டிவிட்டது. அன்றைக்குச் சோற்றில் கை வைத்தவர் பாதியில் எழுந்து, "அவனுக்கு எப்புடிக் கட்டுபடியாகுது?" என்றார். யாரைக் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. குழம்பைப் பார்த்துத்தான் கேட்டார்.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் நடந்தது இது. அமெரிக்காவில் ஏதோ வங்கிகள் கவிழ்ந்து, இங்கே ஆர்டர் குறைந்து, போதாக்குறைக்கு நாளுக்கு இத்தனை மணி நேரம் என்று கரண்டும் போய்க்கொண்டிருந்த சமயம். நான் அப்போது பக்கத்திலேயே ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வருகிற பனியனை மேசையில் விரித்து, உள்ளும் புறமும் திருப்பி, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்துப் பிரிக்கிற வேலை. அதை உட்கார்ந்து செய்ய முடியாது. ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டரை வரைக்கும் நிற்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் நின்றுகொண்டிருந்தேன். கெண்டைக்காலில் நரம்பு புடைத்து, பச்சை பச்சையாக முடிச்சு விழுந்திருந்தது. சாயங்காலமானால் காலைச் செருப்புக்குள் நுழைக்க முடியாது. டாக்டரம்மா காலைப் பார்த்துவிட்டு, "மாத்திரை எழுதறது இருக்கட்டும், நிக்கற வேலைய எப்ப விடப்போறீங்க?" என்று கேட்டார்.

அதற்குத்தான் கடையே. கடையில் வருமானம் ஓரளவு நிலைத்ததும் நான் கம்பெனியை விட்டுவிட்டு வந்து கடையில் உட்கார்ந்துகொள்வது என்று எங்களுக்குள் பேச்சு. பொங்கல் கழியட்டும் என்றார். பிறகு ஆடி கழியட்டும் என்றார். எனக்கு அந்த நாளில் வீடு கட்ட வேண்டும், நகை வாங்க வேண்டும் என்றெல்லாம் ஆசை இல்லை. உட்கார வேண்டும், அவ்வளவுதான். டார்ச் லைட்டுக்கு முப்பது ரூபாய் குறைவு என்று ஒருவர் சொன்னது அவருக்கு வியாபாரக் கவலை. எனக்கு அது கால் கவலை.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அதுவரை அந்தப் படியில் கால் வைக்காத மனுஷன், கடையைப் பக்கத்து டீக்கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தினமும் ஏற ஆரம்பித்தார். திரையில் பொருளின் படம் மேலிருந்து கீழாக மெள்ள மெள்ள இறங்கும். வாளியின் வாய் தெரியும், பாதி வயிறு தெரியும், கரண்ட் போய்விடும். விலை அடியில் இருப்பதால் தெரியாது. இவர் பாதி வாளியோடு திரும்பி வந்து, கரண்ட் வந்ததா என்று தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டு கடைவாசலில் முன்னும் பின்னும் நடப்பார். நான் வேலை விட்டு வந்தால் வீட்டுக்குள் கால் வைப்பதற்குள் கணக்கு ஆரம்பித்துவிடும்.

"சீப்பு என்ன ரேட்டு போட்டிருக்கறான் தெரியுமா? அம்பது ரூவா! நாம அஞ்சு ரூவாய்க்குக் குடுக்கறோம். எந்தக் கிறுக்கன் அங்க வாங்குவான்?"

அன்றைக்கு வீட்டில் திருவிழாதான். மறுநாள் முகம் தொங்கிப்போயிருக்கும்.

"பூட்டு நம்மளவிடப் பத்து ரூவா கம்மி."

"கொரியர் சார்ஜு சேத்தியா, சேக்காமயாங்க?"

அவ்வளவுதான். மறந்துவிட்டேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடியும் ஓடுவார். நகவெட்டி, தண்ணீர் பாட்டில், கைக்கடிகாரத்துக்குப் போடுகிற பொத்தான் பேட்டரி, ஒன்றையும் விடவில்லை. நெட்டில் ஏறியிருந்தால் சந்தோஷம், இறங்கியிருந்தால் துக்கம். எங்கள் கடையில் ஒரு வாரம் பூட்டு விலை இறங்கும், மறுவாரம் ஏறும். வாடிக்கையாக வருகிறவர்களே குழம்பிப்போனார்கள். நானும் கெட்டுப்போனேன். மேசையில் பனியனை விரித்து வைத்துக்கொண்டு, வாளிக்குக் கொரியர் எவ்வளவு ஆகும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். ஒரு நாள் பெரிய ஓட்டையோடு ஒரு பீஸைப் பாஸ் பண்ணி, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நெட்டை விட்டால் கடைத்தெரு. கம்பெனிக்கு வேலை இல்லாமல் லீவு விட்ட ஒரு நாள், மசால் தோசை வாங்கித் தருவதாகச் சொல்லி என்னைத் திருப்பூருக்குக் கூட்டிப் போனார். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இறங்கியதும் தோசை மறந்துவிட்டது. கடை கடையாக ஏறிச் சோப்பு டப்பா விலை கேட்டார். மூடி இறுக்கமா, தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா, டஜன் எடுத்தால் என்ன விலை, ரெண்டு டஜன் எடுத்தால் என்ன விலை. நாலாவது கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, சோப்பு டப்பா வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? எங்கூட்டுப் புள்ளயக் கட்டுனவங்க கூட இத்தன கேள்வி கேக்கலீங்க."

இவர் சிரித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். எனக்குக் கால் விண்ணென்று தெறித்தது. அந்தக் கடைப் படியிலேயே உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து கடைக்காரர், "அம்மிணி, படில உக்காராதீங்க, ஏவாரம் ஆகற நேரமுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனாலும் எழுந்து நின்றேன். திருப்பூரில் எனக்கு உட்கார ஓர் இடம் இல்லையா என்று அழுகை வந்துவிட்டது. இவர் அப்போதுதான் வெற்றியோடு திரும்பி வந்தார். "எல்லாப் பக்கமும் நம்மளவிட ரெண்டு ரூவா ஜாஸ்தி!" என்றார். நான் அழுததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் ஊர் ஜனங்களிடம் விற்பது சாதாரணக் காரியம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் டெய்லர், மீதிப் பேர் செக்கிங், பேக்கிங். வாளி வாங்கினாலும் பனியனைத் திருப்புகிற மாதிரி கவிழ்த்துப் பார்ப்பார்கள். அடியில் கோடு போல ஒரு கீறல் இருந்தால் போதும், "இது செகண்ட்ஸுங்கண்ணா, செகண்ட்ஸ் ரேட்டு போடுங்க" என்பார்கள். குறை உள்ள பீஸுக்குக் கம்பெனியில் செகண்ட்ஸ் என்று பேர். வேறு ஊரில் கீறல் இருந்தால் வைத்துவிட்டு வேறு வாளி எடுப்பார்கள். எங்கள் ஊரில் கீறல் உள்ளதையே தேடி எடுப்பார்கள். இவருக்கு அது பிடிக்காது. ஆனால் இவரும் சாமானியப்பட்டவர் இல்லை. கடை வைப்பதற்கு முன்னால் ஒரு கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் வேலை பார்த்தவர்.

சாம்பிள் செக்‌ஷன்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. முதலில் ஒரே ஒரு பீஸ் தைத்து சரக்கு வாங்கப்போகிற வெளிநாட்டு பையருக்கு அனுப்புவார்கள். அவர் பார்த்து ஓகே சொல்லிவிட்டால், பிறகு தைக்கிற ஆயிரக்கணக்கான பீஸும் அச்சாக அதே மாதிரி இருக்க வேண்டும். ஒரு நூல் மாறினாலும் பையர் சரக்கைத் திருப்பிவிடுவார். ஓகே ஆன சாம்பிளைப் பையில் போட்டுச் சீல் வைத்துச் சாமி படம் போலப் பத்திரமாக வைத்திருப்பார்கள். உலகம் முழுக்க வியாபாரம் இப்படித்தான் நடக்கிறது என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். பாவம், அவர் பார்த்த உலகம் அந்த செக்‌ஷன்தான்.

ஐப்பசி மழைக்கு முன்னால் குடை கண்ணில் பட்டது. கோயமுத்தூர் மொத்தக் கடையில் எங்களுக்குக் கிடைக்கிற விலையைவிட நெட்டில் குறைவு. மொத்தமாக எடுத்தால் கொரியரும் இலவசம். மூன்று மடிப்புக் குடை, பொத்தானை அழுத்தினால் பட்டென்று விரிகிறது. இவர் நாலு நாள் தூங்கவில்லை. படுப்பார், எழுந்து உட்காருவார், "சில்லறை ரேட்டே நம்ம ஹோல்சேல் ரேட்டவிடக் கம்மியா இருக்குது அம்மிணி" என்பார், மறுபடியும் படுப்பார். வாங்கித் தொலையுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

"மொதல்ல சாம்பிளு" என்றார் விறைப்பாக.

பிரவுசிங் சென்டர்காரர் தன்னுடைய கார்டில் பணம் கட்டி, எங்களிடம் மேலே கொஞ்சம் சேர்த்து வாங்கிக்கொண்டார். ஒரே ஒரு குடை வந்தது. நல்ல குடை. குறை சொல்லக் கூடாது. நான் ட்யூப்லைட் அடியில் விரித்து ஒவ்வொரு கம்பியாக, ஒவ்வொரு தையலாகப் பார்த்தேன். துணி கனமாக இருந்தது. குழாயடியில் பிடித்தோம், ஒரு சொட்டு இறங்கவில்லை. இவர் ஓர் அட்டையில் ஓகே என்று எழுதி, தேதி போட்டு, என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். குடையை அட்டையோடு பாலித்தீன் பையில் போட்டு ஸ்டேப்ளர் அடித்தார். பிறகு மாடியேறி, சாம்பிள் அப்ரூவ்டு, பல்க் போடலாம் என்று அவர்களுக்கு மெயில் அனுப்பினார். உங்கள் ஆர்டருக்கு நன்றி என்று பதில் வந்தது. இனி அவர்கள் இஷ்டத்துக்கு ஒரு நூலைக்கூட மாற்ற முடியாது என்று கையைத் தட்டிக்கொண்டார். தீபாவளிச் சரக்கு எடுக்க வைத்திருந்த பணம் முழுக்க அந்தக் குடைகளில் போனது.

"இந்தக் குடை வித்துப் போச்சுன்னா நீ போனஸ வாங்கிட்டு வந்து உக்காந்துக்கலாம்" என்றார். நானும் நம்பினேன். நானே கையெழுத்துப் போட்ட சாம்பிள் அல்லவா.

தீபாவளி போனஸ் வாங்கியதும் கம்பெனி மாறுவதும் வேலையை விட்டு நிற்பதும் எங்கள் ஊர் வழக்கம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களுக்கும் சௌகரியம். மறுநாளே சூப்பர்வைசரிடம் போனஸோடு நின்றுகொள்கிறேன் என்று சொன்னேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். ஆர்டர் குறைந்த நேரத்தில் ஓர் ஆள் தானாகப் போனால் யாருக்குத்தான் கசக்கும்? தேனிப் பக்கத்துப் பெண் ஒருத்தியை என் மேசையில் எனக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இருபது வயதுகூட இருக்காது. துறுதுறுவென்று வேலை செய்தாள். அவளுடைய காலை ஒரு தடவை பார்த்தேன். வாழைத்தண்டு மாதிரி இருந்தது. அடுத்த பனியனை எடுத்து விரித்தேன்.

போனஸுக்கு முந்தின நாள் பெட்டிகள் வந்தன. நான் வேலை முடிந்து கடைக்குப் போனபோது இவர் ஸ்டேப்ளரைப் பிரித்துச் சாம்பிளை ஒரு கையிலும் வந்த குடையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றை விரித்தார், அடுத்ததை விரித்தார். துணி மெலிசு. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் போகிற பஸ் தெரிந்தது. சிலவற்றில் துணி கம்பியோடு சேருகிற முனையில் தையலே விழவில்லை. சிலவற்றில் பொத்தான் அழுத்தினால் விரிய யோசித்தது. சாயம் வேறு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நல்லதும் இல்லாமல் இல்லை, கலந்து வந்திருந்தது.

அளவு டேப்பை எடுத்துவந்து கம்பியை அளந்தார். அரை இஞ்சு குறைவு என்றார். யாரிடமாவது அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிற தவிப்பு அவர் முகத்தில் தெரிந்தது. மாடிக்கு ஓடினார். பல்க்காக வந்த சரக்கு சாம்பிளைப் போல இல்லை, என்ன செய்யப்போகிறீர்கள் என்று மெயில் அனுப்பினார். மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி, படத்தில் காண்பதும் நேரில் வருவதும் சற்றே மாறுபடலாம், திருப்பி அனுப்புவதாக இருந்தால் கொரியர் செலவு உங்களுடையது என்றிருந்தது. அந்தச் செலவுக்கு வந்ததில் பாதி அளவு குடையைப் புதிதாகவே வாங்கலாம்.

"நாமதான அம்மிணி பையரு?" என்றார் என்னிடம். "பையரு சொன்னா கேக்கோணுமல்ல?"

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வாழ்நாளெல்லாம் பையர் சொல்லுக்குப் பயந்து வேலை பார்த்தவர். ஒரு தடவை தானும் பையர் ஆனார், கேட்க ஆள் இல்லை. இரண்டு நிமிஷம்தான் அந்தப் பாவம் நின்றது. ஏனென்றால் அடுத்து அவர் சொன்னது இது: "இன்னியொரு வருசம் பல்லக் கடிச்சுக்க. கம்பெனில சொல்லி இருந்துக்க."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

"பல்ல நீங்க கடிங்க. நிக்கறது என்ற காலு. சீப்புக்கு ரேட்டு பாத்தீங்க, பூட்டுக்கு ரேட்டு பாத்தீங்க. ஊருல இருக்கற சோப்பு டப்பாவெல்லாம் தெறந்து பாத்தீங்க. என்ற கால ஒரு தடவ திரும்பிப் பாத்தீங்களா? பொங்கலு, ஆடி, தீவாளின்னு தள்ளிட்டே போறீங்களே, எனக்கென்ன இரும்புலயா காலு? அங்க வேற ஆளப் போட்டாச்சு. இன்னிக்குக் கணக்கு முடிச்சுக் குடுத்துட்டாங்க. இனி நான் போய் நிக்கறதுக்கு அங்க எடமே இல்லீங்க."

கடைசி விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரியும். சொல்லத் தருணம் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்படி வந்து விழுந்தது. அவர் கடைக்கு வெளியே போய்ச் சாரலில் நின்றார். உள்ளே அத்தனை குடை இருந்தும் ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. காலையிலிருந்து மழை. திருப்பூரே ஊருக்குக் கிளம்பும் நாள். கையில் போனஸ், தலையில் மழை, பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். வழக்கமாக அந்த நேரத்தில் நான் வீட்டில் பலகாரத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருப்பேன். அன்று விடிந்ததும் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி உண்டு. இவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, ஓரிடத்தில் இருந்தால்தானே. அதை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். மடியில் ஒரு துணி. ஒவ்வொரு குடையாக விரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். செக்கிங்கில் குறை இருக்கிற இடத்தைக் காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் கொஞ்சம் என் பையில் தங்கியிருந்தது. தையல் விட்ட இடத்தில் ஓர் அம்பு, சாயம் மாறிய இடத்தில் ஓர் அம்பு என்று ஒட்டினேன். நல்லது ஒரு பக்கம், அம்பு உள்ளது ஒரு பக்கம், கம்பி உடைந்ததும் விரியாததும் எனக்குப் பின்னால்.

"என்ன பண்றே? குறைய நீயே காட்டுனா எவன் வாங்குவான்?" என்று இவர் பதறினார்.

"நம்மூர்ல வேற எத வாங்குவாங்க?" என்றேன்.

முதலில் வந்தவள் ஒரு டெய்லர் அக்கா. பேச்சில் திருநெல்வேலி. பிள்ளையின் தலையில் துண்டைப் போட்டு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எக்கா, இது என்ன அம்பு?"

"அங்க தையல் விட்டிருக்குதுங்க. செகண்ட்ஸ்."

அம்பை ஒட்டி விரலை விட்டுப் பார்த்தாள். "இம்புட்டுதானா? மிஷின்ல ஒரு ஓட்டு ஓட்டுனா தீந்துச்சு. இதுக்கு எவ்வளவு கொறைப்பிய?"

நான் சொன்னேன். எடுத்துக்கொண்டாள். விரித்துப் பிடித்துக்கொண்டு போய், பஸ் ஸ்டாப்பில் நின்ற கூட்டத்திடம் அம்பைக் காட்டி ஏதோ சொன்னாள். அப்புறம் பாருங்கள். தையல் விட்டது அவர்களுக்கு ஒரு குறையே இல்லை, நாள் முழுக்க அதைத்தானே செய்கிறார்கள். அம்பு போட்ட குடைக்குப் போட்டி. நல்ல குடையைக் காட்டினால், "இது வேண்டாங்க, அம்பு போட்டது குடுங்க" என்றார்கள். ஒரு வடநாட்டுப் பையன் தமிழ் தெரியாமல் "செகன்ஸ், செகன்ஸ்" என்று மட்டும் சொல்லிக் கையை நீட்டினான். சாயம் மாறியதைக் காட்டினேன், சிரித்துக்கொண்டே தலையாட்டினான். மெலிசான துணி என்பதையும் மறைக்கவில்லை, காற்றடித்தால் தாங்காது என்று சொல்லித்தான் கொடுத்தேன். இரண்டு பேர் வேண்டாம் என்று போனார்கள். மற்றவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்று எடுத்தார்கள்.

இவரால் சும்மா இருக்க முடியவில்லை. வந்தவர்களிடம், "இது நெட்ல என்ன ரேட்டு தெரியுமாங்க?" என்று ஆரம்பித்தார். நான் முறைத்ததும் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னாலிருந்து, விரியாத குடை ஒன்றை நைசாக எடுத்து நல்லதோடு வைக்கப் பார்த்தார். கையிலேயே ஒன்று வைத்தேன். "அது ரிஜெக்ட்டுங்க. அத எந்தப் பக்கமும் வெக்கக் கூடாது." அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அடி வாங்கிய கையைத் தடவிக்கொண்டு நின்றார்.

மத்தியானத்துக்குள் பெரும்பாலும் போய்விட்டது. லாபம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது, போட்டது வந்தது, மேலே கொஞ்சம் நின்றது. ஆனால் குடை வாங்க வந்தவர்கள் வாளியும் டார்ச்சும் பூட்டும் வாங்கினார்கள். அவற்றையும் ஒவ்வொன்றாக என்னிடம் நீட்டி, "பாத்துக் குடுங்கக்கா" என்றார்கள். நான் பார்த்துக் கொடுத்தேன். காலையில் கனத்த மனது எப்போது லேசானது என்று தெரியவில்லை. கால் வலிக்கவில்லை என்பதையே வெகு நேரம் கழித்துத்தான் உணர்ந்தேன். மழை விடவில்லை.

இவர் அதற்குள் பழையபடி ஆகிவிட்டார். வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். "ஏன் அம்மிணி, செகண்ட்ஸயே தனியா நெட்ல போட்டிருப்பானுகளா? இன்னியும் கம்மியாத்தான இருக்கும்? ஒரு எட்டு மேல போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்றார். சிரிப்பதா அடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த மனுஷனை எந்த மழையும் நனைக்காது.

அப்போது வாசலில் ஓர் அம்மா வந்து நின்று, மேலே கொக்கியில் தொங்கின நீலக் குடையைக் காட்டினார். இவர் அதைப் பார்த்தார், பிறகு வழக்கம்போல என்னைப் பார்த்தார்.

"எந்திரி, அந்த நீலத்த எடுத்துக் குடு."

என் கைகள் இரண்டும் நாற்காலியின் பிடிக்குப் போய்விட்டன. அத்தனை வருஷப் பழக்கம், சொன்னதும் உடம்பு தானாக எழப் பார்த்தது. பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்களே எடுங்க. நான் உக்காந்துட்டன்."

குரல் எனக்கே புதிதாக இருந்தது. வாசலில் நின்ற அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் சேலைக்குக் கீழே நீண்டிருந்த என் காலைப் பார்த்தார். புடைத்த நரம்பையும் பச்சை முடிச்சுகளையும் நன்றாகவே பார்த்தார். நான் சேலையை இழுத்து மூடவில்லை. பார்க்கட்டும் என்று இருந்தேன்.

பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினார். நீலக் குடையைக் கொக்கியிலிருந்து கழற்றிக் கீழே இறங்கி, விரித்து மடக்கி, அந்த அம்மாவிடம் கொடுத்தார். அந்த அம்மா விலை கேட்டார்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "எவ்வளவு சொல்லட்டும் அம்மிணி?" என்று கேட்டார்.